கியூபாவா, டொமினிக்கனா, நிகரகுவாவா: ருசி பார்க்க எந்தச் சுருட்டை வாங்குவது?

"சித்தப்பா அடுத்த மாதம் துபாயிலிருந்து வருகிறார். நல்ல சுருட்டு ஒன்றை முறையாக ருசித்துப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. எதை வாங்கி வரச் சொல்லட்டும்?"

வருடத்துக்கு நாலைந்து பேராவது இப்படிக் கேட்டு எழுதுகிறார்கள். ஊர் மட்டும் மாறும். துபாய்க்குப் பதில் சிங்கப்பூர், நியூ ஜெர்சி. கேட்பவர் மனதில் பதில் ஏற்கெனவே இருக்கும். கியூபா என்று நானும் சொல்லிவிட்டால் நிம்மதியாகப் போய்விடுவார். நான் சொல்வதில்லை. முதல் பெட்டிக்குக் கியூபா வேண்டாம் என்பதுதான் என் பதில். காரணத்தை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதி அலுத்துவிட்டதால் மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன்.

அதற்கு முன் ஒன்று. இந்த மூன்றில் உடம்புக்குக் கெடுதல் குறைவு என்று எதுவும் கிடையாது. "நான் புகையை உள்ளே இழுப்பதில்லையே" என்பது அரை ஆறுதல்தான். சுருட்டுப் புகை காரத்தன்மை கொண்டது. வாயின் உட்தோல் வழியாகவே நிக்கோடின் ரத்தத்தில் கலந்துவிடும். பெரிய சுருட்டு ஒன்றில் ஒரு பாக்கெட் சிகரெட் அளவு புகையிலை இருக்கலாம். வாய், குரல்வளை, உணவுக்குழாய், நுரையீரல் என்று புற்றுநோய்ப் பட்டியலும் நீளம். புகைக்காதவர் இதைப் படித்து ஆரம்பிக்க வேண்டியதில்லை. எப்போதோ ஒன்று என்று ஏற்கெனவே பிடிப்பவர், காசு கொடுத்து வாங்கியதைத் தெரிந்து பிடிக்கட்டும் என்பதற்காக எழுதுவது இது.

## எதை வைத்து எடைபோடுவது

கைச்சுருட்டு என்றால் மூன்று அடுக்கு. நடுவில் நீளவாக்கில் மடித்து வைத்த முழு இலைகள். அவற்றைச் சேர்த்துப் பிடிக்க ஒரு முரட்டு இலை. அதன்மேல் கண்ணுக்குத் தெரிகிற மேலிலை. நடுவில் போகும் இலைகளும் செடியின் வெவ்வேறு உயரத்தில் பறித்தவை: அடியிலை நன்றாக எரியும், இடையிலை மணம் தரும், வெயிலை நேராக வாங்கும் உச்சியிலை காட்டம் தரும். ஸ்பானிய மொழியில் வொலாடோ, செக்கோ, லிஹெரோ. இந்த மூன்றையும் என்ன விகிதத்தில் கலக்கிறார்கள் என்பதில்தான் ஒரு சுருட்டின் குணம் இருக்கிறது.

முதலில் இழுப்பு. இளநீரை ஸ்ட்ரா வைத்து உறிஞ்சும்போது மெல்லிய தடை ஒன்று இருக்குமே, அவ்வளவு இருந்தால் சரி. ஸ்ட்ராவில் வழுக்கை மாட்டிக்கொண்டது போல் இருந்தால் சுருட்டியவர் இலையை இறுக்கிவிட்டார். வெறும் காற்றை இழுப்பது போல் இருந்தால் உள்ளே இலை போதவில்லை. சூடாக எரிந்து கசக்கும். இழுப்போடு சேர்ந்தது எரிப்பு: நெருப்பு வட்டம் ஒரே சீராக இறங்க வேண்டும், ஒரு பக்கம் மட்டும் ஓடக்கூடாது.

அடுத்தது சுவை. நல்ல சுருட்டு ஒரே சுவையில் நிற்காது. நீளத்தை மூன்றாகப் பிரித்துக்கொண்டால் முதல் பங்கும் கடைசிப் பங்கும் வேறு வேறாக இருக்கும்.

காட்டம் வேறு, கனம் வேறு என்பதையும் பிரித்துக்கொள்ளுங்கள். காட்டம் தலையிலும் வயிற்றிலும் தெரிவது, அதாவது நிக்கோடின். கனம் நாக்கில் தெரிவது. டிகாஷன் தூக்கலான காபிக்கும் தண்ணிக் காபிக்கும் உள்ள வித்தியாசம்தான் கனம். கனமாக இருந்தும் காட்டம் இல்லாத சுருட்டுகள் உண்டு. சப்பென்று ஆரம்பித்துப் பாதியில் தலையைச் சுற்ற வைப்பவையும் உண்டு.

நான்காவதாக வரும் அளவுகோலை யாரும் கேட்பதில்லை. என் கணக்கில் அதுதான் முதலில் நிற்க வேண்டும். ஒரே பெட்டிச் சுருட்டுகள் ஒன்றுபோல் இருக்கின்றனவா? அனுபவசாலிக்கு ஒன்று பிசகினால், "இது இறுக்கமாகச் சுருட்டியது" என்று ஒதுக்கிவிட்டு அடுத்ததை எடுப்பார். புதிதாக நாக்கைப் பழக்குகிறவருக்கு, தப்பு தன்மேலா சுருட்டின்மேலா என்று தெரியாது. முதல் சுருட்டு கசந்து, இரண்டாவது இனித்து, மூன்றாவது அடைத்துக்கொண்டால் அவர் கற்றது ஒன்றுமில்லை. அளவுகோலே நீண்டு சுருங்கினால் துணியை எப்படி அளப்பது?

மீதி இரண்டு: அசல்தானா என்பதும், கைக்கு வந்து சேரும்போது மொத்தம் எவ்வளவு ஆகிறது என்பதும்.

## கியூபா

பெயருக்குக் காரணம் இருக்கிறது, அதை மறுக்கவில்லை. தீவின் மேற்குக் கோடியில் பினார் டெல் ரியோ மாகாணம். அதற்குள் வுவெல்டா அபாஹோ என்ற வட்டாரம். அந்தச் சிவந்த மணல் மண்ணில் மேலிலை, பிடியிலை, உள்ளிலை மூன்றும் விளைகின்றன. கியூபச் சுருட்டில் வெளிநாட்டு இலை ஒன்றுகூடக் கிடையாது. நல்ல கியூபச் சுருட்டைப் பற்ற வைக்காமலே முகர்ந்தால் காய்ந்த வைக்கோலும் மாட்டுத் தொழுவமும் கலந்த வாசம் வரும். நம்மில் கிராமத்து நினைவு உள்ளவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பற்ற வைத்தபின் தேவதாரு, வறுத்த கொட்டை, ஈரமண், கொஞ்சம் தேன். அந்தச் சேர்க்கையை வேறெந்த நாட்டுச் சுருட்டிலும் நான் அப்படியே கண்டதில்லை.

காட்டம் அதிகம் என்பது பாதிப் புரளி. கியூபப் பெயர்களில் ஓயோ டெ மொன்டெர்ரே சாதுவானது, பார்தகாஸ், பொலிவார் இரண்டும் முரடு, பெரும்பாலானவை நடுத்தரம்.

1960 செப்டம்பரில் காஸ்ட்ரோ அரசு சுருட்டுத் தொழிலை நாட்டுடைமை ஆக்கியது. 1962 பிப்ரவரியில் அமெரிக்கா வர்த்தகத் தடை போட்டது. கையெழுத்திடும் முன் கென்னடி தன் செய்திச் செயலர் பியர் சாலிஞ்சரை அனுப்பித் தனக்குப் பிடித்த பெட்டிட் அப்மன் சுருட்டுகளில் 1,200 வாங்கி வரச் செய்தார். சாலிஞ்சரே பிற்பாடு சொன்ன கதை இது. கதையைவிட அந்தத் தடையின் இன்னொரு விளைவுதான் வாங்குகிறவருக்கு முக்கியம். நாட்டை விட்டுப் போன முதலாளிக் குடும்பங்கள் விதையையும் கைவேலையையும் பெயரையும் எடுத்துக்கொண்டு போனார்கள். அதனால் இன்று மான்டெக்ரிஸ்டோ இரண்டு உண்டு, ரோமியோ இ ஹூலியெட்டா இரண்டு உண்டு. ஒன்று கியூப அரசு பாதிப் பங்கு வைத்திருக்கும் ஹபானோஸ் நிறுவனத்தினுடையது. மற்றது அமெரிக்கச் சந்தைக்காக டொமினிக்கன் குடியரசில் செய்வது. 1966-இல் பிறந்த கோஹிபாவுக்கும் ஒரு டொமினிக்கன் இரட்டை உண்டு, பெயரில் உள்ள 'O' எழுத்துக்குள் சிவப்புப் புள்ளியோடு. நியூ ஜெர்சி அத்திம்பேர் அங்குள்ள கடையில் வாங்கி வந்த கோஹிபா அநேகமாக அதுதான். அதைப் போலி என்று சொல்லக்கூடாது, மோசமும் இல்லை. ஆனால் அவர் வாங்கியதாக நினைத்துக்கொண்டிருப்பது அது இல்லை. 2020-லிருந்து அமெரிக்கர்கள் பயணப் பெட்டியில்கூடக் கியூபச் சுருட்டைத் தங்கள் நாட்டுக்குள் கொண்டுபோக முடியாது.

இனி குறைகள். 2000-ஐ ஒட்டிய வருடங்களில் இழுப்பு அடைத்த கியூபச் சுருட்டுகளைப் பற்றிப் புகார் குவிந்து, தொழிற்சாலைகளில் இழுப்பைச் சோதிக்கும் இயந்திரங்களை வைத்தார்கள். நிலைமை தேறியது, முழுக்கத் தீரவில்லை. ஒரு பெட்டியில் இரண்டு மூன்று பிசகுவதை இன்றும் கியூபப் பிரியர்கள் தலையெழுத்து என்று ஏற்றுக்கொள்கிறார்கள். இரண்டாவது, பலவற்றை இளசாகவே விற்கிறார்கள். புகையிலையைப் பாடம் போட்டு நொதிக்க வைக்கும்போது அம்மோனியா வெளியேறும். அது முழுக்க அடங்குவதற்குள் பெட்டி கடைக்கு வந்துவிட்டால் மூக்கைக் குத்தும். பெட்டியின் அடியில் தொழிற்சாலைக் குறியும் மாதமும் வருடமும் குத்தியிருப்பார்கள். அதைப் பார்த்து இரண்டு மூன்று வருடமாவது ஆனதா என்று வாங்குவது பழகியவர் வழக்கம். 2022 செப்டம்பரில் இயன் சூறாவளி பினார் டெல் ரியோவில் இலை உலர்த்தும் கொட்டகைகளைச் சாய்த்துவிட்டுப் போனது. அதே வருடம் கோஹிபா, டிரினிடாட் என்ற இரண்டு பெயர்ச் சுருட்டுகளின் விலைகளை உலகம் முழுக்க ஒரே மட்டத்துக்கு ஏற்றினார்கள்; பல நாடுகளில் கோஹிபா விலை இரண்டு மடங்குக்கு மேல் போனது.

கடைசியில் போலி. எனக்குத் தெரிந்த ஒருவர் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து கோஹிபா பெட்டி கொண்டுவந்து பெருமையாகத் திறந்தார். மேல்மூடி கண்ணாடி. நான் ஒன்றும் பேசவில்லை, ஒன்றை வாங்கிப் பிடித்தேன். பாதிக்கு மேல் முடியவில்லை. கண்ணாடி மூடி போட்ட பெட்டியில் கோஹிபா வந்ததே கிடையாது. ஹவானா தெருவில் ஒருவர் தோளில் கை போட்டு, "என் மச்சான் தொழிற்சாலையில் வேலை செய்கிறான், இன்றைக்கு மட்டும் கூட்டுறவு விலை" என்பார். அந்த "இன்றைக்கு மட்டும்" வருடத்தில் 365 நாளும் உண்டு. அங்கீகாரம் பெற்ற கடை, பச்சை-வெள்ளை அரசு முத்திரை, அதில் உள்ள எண்ணை ஹபானோஸ் இணையதளத்தில் சரிபார்ப்பது: இந்த மூன்றும் இல்லாமல் கியூபா வாங்காதீர்கள்.

## டொமினிக்கன் குடியரசு

நாட்டின் வடக்கே சிபாவோ பள்ளத்தாக்கு, அதன் நடுவே சந்தியாகோ நகரம், பக்கத்தில் தம்போரில். சுருட்டுச் சீமை இது. லா அவுரோரா நிறுவனம் 1903-லிருந்து இங்கே இருக்கிறது. ஆனால் ஊர் உலகப் பெயர் எடுத்தது பின்னால் வந்தவர்களால். ஃபுவென்டே குடும்பம் 1912-இல் ஃப்ளோரிடாவின் டாம்பாவில் ஆரம்பித்து, நிகரகுவாவில் வைத்த தொழிற்சாலை புரட்சிக் காலத்தில் எரிந்துபோக, 1980-இல் சந்தியாகோவுக்கு வந்து சேர்ந்தது. கியூபாவில் தன் பெயரில் செய்துகொண்டிருந்த சுருட்டின் தரம் பிடிக்காமல் சுருட்டு வியாபாரி ஜீனோ டேவிடாஃப் 1989-இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சுருட்டுகளைக் கொளுத்திவிட்டு உற்பத்தியை இங்கே மாற்றிக்கொண்டார். விளம்பரம் கலந்த கோபம் என்றே வைத்துக்கொண்டாலும், சீர்மைக்காக ஒரு நிறுவனம் நாட்டையே மாற்றியது என்பது சேதி.

இங்கே செய்பவற்றில் பல, கனெக்டிகட் வகை மேலிலை போட்டவை. துணிப் பந்தலின் நிழலில் வளர்த்த மெல்லிய, வெளிர்பழுப்பு இலை. ஈக்வடாரில் வளர்ப்பதற்குப் பந்தல்கூட வேண்டாம், மேக மூட்டமே நிழல். சுவை சாது: பால் விட்ட காபி, முந்திரி, புதிய மரப்பெட்டியின் வாசம், லேசாக வெண்மிளகு. மக்கனூடோ கஃபே என்ற சுருட்டு ஆரம்பப் பள்ளி. ஷாட்டோ ஃபுவென்டே அதற்கு இரண்டு வகுப்பு மேலே. தேவதாருத் தாளில் சுற்றி வரும் இந்த நாலரை அங்குலச் சுருட்டைத்தான் நான் முதல் சுருட்டாகக் கையில் கொடுப்பேன்.

குறை? சில சமயம் ரொம்ப மரியாதையாக இருக்கும். முழுதும் பிடித்து முடித்தபின் என்ன பிடித்தோம் என்று நினைவில் நிற்காது. ஆனால் டொமினிக்கன் என்றாலே சாது என்று முத்திரை குத்திவிடவும் முடியாது. இந்த மண்ணில் மேலிலை விளையாது என்று எல்லோரும் சொன்னபோது ஃபுவென்டே குடும்பம் விளைவித்துக் காட்டி 1995-இல் ஓபஸ் எக்ஸ் கொண்டுவந்தது. காட்டமானது. அளவாகவே செய்வதால் கடைக்காரர்கள் வைக்கும் விலைக்கும் அளவில்லை.

## நிகரகுவா

எரிமலை மண். எஸ்தெலியில் மண் கறுப்பு, இலை தடிமன், காட்டம் அதிகம். ஹலாபாவில் மண் சிவப்பு, இலையில் இனிப்பு. கொண்டேகா இரண்டுக்கும் நடுவே. இவை போக ஏரிக்கு நடுவே இரண்டு எரிமலை சேர்ந்து உண்டான ஓமெடெபே தீவு. ஒரே நாட்டுக்குள் இத்தனை மண் இருப்பதால் வெளி இலை தேடாமலே சுவையை அடுக்க முடிகிறது.

ஹோசே ஒர்லாண்டோ பத்ரோன் கியூபாவிலிருந்து வந்து 1964-இல் மயாமியில் சுருட்டுத் தொழிலை ஆரம்பித்தார். 1970-இல் நிகரகுவாவுக்குப் போனார். 1978-இல் உள்நாட்டுப் போரில் தொழிற்சாலை எரிந்தது. 1985-இல் அமெரிக்க அதிபர் ரீகன் நிகரகுவாமேல் வர்த்தகத் தடை போட்டார். இவ்வளவுக்குப் பிறகும் அந்தப் பெயர் இன்று சீர்மைக்கு எடுத்துக்காட்டாக நிற்கிறது. 1994-இல் வந்த '1964 ஆனிவர்சரி' வரிசையில் இலையை நான்கு வருடமாவது பழுக்க வைக்கிறார்கள்; ஒவ்வொரு சுருட்டையும் சுற்றியிருக்கும் காகிதப் பட்டியில் தனி எண் இருக்கும். போலிக்காரர்களுக்கு வைத்த பூட்டு அது. அந்த விலை வேண்டாம் என்றால் சாதாரண வரிசையில் 'பத்ரோன் 2000' எடுக்கலாம். பார்க்கக் கரடுமுரடாக இருக்கும், மேலிலையில் நரம்பு தெரியும். அழகுக்கு மார்க் போடுகிறவர் ஏமாறும் இடம் இது.

சுவை: கருப்பட்டிக் காபி, கசக்கும் சாக்லேட், மிளகு. மூக்கு வழியாகப் புகையை விட்டால் அந்த மிளகு சுள்ளென்று ஏறும். நம் நாக்குக்கு இது சட்டென்று பிடித்துவிடுகிறது. உறைப்புக்குப் பழகியவர்கள் டொமினிக்கனைத் தாண்டி நேராக இங்கே வருவதை அடிக்கடி பார்க்கிறேன். ஆபத்தும் அங்கேதான். நாக்கு தாங்கும், தலை தாங்காது. வெறும் வயிற்றில் எஸ்தெலிச் சுருட்டைப் பிடித்துவிட்டு வியர்த்து உட்கார்ந்தவர்களுக்கு நான் வெல்லம் கொடுத்திருக்கிறேன்.

கறுத்த மேலிலை என்றால் காட்டம் என்று ஒரு நம்பிக்கை உண்டு. பொய். நீண்ட நேரம், கூடுதல் வெப்பத்தில் நொதித்தால் இலை கறுக்கும், இனிப்பும் கூடும். காட்டம் உள்ளே இருக்கும் உச்சியிலையைப் பொறுத்தது.

ஹோண்டுராஸ் பற்றிக் கேட்பவர்களுக்கு: நல்ல சுருட்டுகள் உண்டு. முதல் முடிவைக் குழப்பிக்கொள்ள வேண்டாம் என்று தள்ளி வைக்கிறேன்.

## உறையூர் சுருட்டு ஏன் இதில் இல்லை

இந்தக் கேள்வியும் வரும், வர வேண்டும். ஆங்கிலத்தின் செரூட் என்ற சொல்லே நம் சுருட்டிலிருந்து போனது. திண்டுக்கல் பக்கத்து இலையை வைத்து உறையூரில் சுருட்டியது திருச்சிராப்பள்ளிச் செரூட் என்ற பெயரில் விக்டோரியா காலத்து லண்டன் வரை விற்றது. யாழ்ப்பாணத்தார் தென்னிலங்கையில் ஊருக்கு ஊர் சுருட்டுக்கடை போட்டுப் பிழைத்தார்கள். ஆனால் செரூட் வேறு வகை. இரண்டு முனையும் திறந்தது, வாயில் வைக்கும் முனையை மூடும் தலைத் தொப்பி கிடையாது, வருடக்கணக்கில் பழுக்க வைக்கும் வழக்கமும் இல்லை. மேலே சொன்ன கைச்சுருட்டுகளோடு ஒரே மேசையில் வைத்து மார்க் போடுவது, பனங்கள்ளையும் திராட்சை மதுவையும் ஒரே கோப்பையில் ஊற்றி ஒப்பிடுவது மாதிரி. அதற்குத் தனியாக ஒரு நாள் எழுதுகிறேன்.

## பக்கம் பக்கமாக வைத்தால்

| அளவுகோல் | கியூபா | டொமினிக்கன் | நிகரகுவா |
|---|---|---|---|
| இழுப்பு, எரிப்பு | பெட்டிக்குப் பெட்டி மாறும் | மிக நம்பகம் | நம்பகம் |
| சுவை | தொழுவ வைக்கோல், தேவதாரு, ஈரமண், தேன் | பால் காபி, முந்திரி, மரம் | கருப்பட்டி, சாக்லேட், மிளகு |
| சுவை நகர்வு | நன்றாக அமைந்தால் ஈடில்லை | பெரும்பாலும் மெதுவானது | தெளிவாகத் தெரியும் |
| காட்டம் | பெரும்பாலும் நடுத்தரம் | சாது முதல் நடுத்தரம் | நடுத்தரம் முதல் அதிகம் |
| ஒன்றுபோல் இருத்தல் | பலவீனம் | பெரிய பலம் | பலம் |
| போலி அபாயம் | மிக அதிகம் | குறைவு (ஓபஸ் எக்ஸ் தவிர) | குறைவு |
| வாங்கியபின் காத்திருப்பு | பெரும்பாலும் தேவை | தேவையில்லை | தேவையில்லை |

## விலைச்சீட்டில் இல்லாத செலவு

விமான நிலையம் முதல் இடம். இந்தியாவுக்கு வருபவர் 100 சிகரெட் அல்லது 25 சுருட்டு அல்லது 125 கிராம் புகையிலை வரை வரியில்லாமல் கொண்டுவரலாம். இருபத்தாறாவது சுருட்டிலிருந்து சித்தப்பா பதில் சொல்ல வேண்டியிருக்கும். சிங்கப்பூருக்குள் போகிறவருக்கு அந்தச் சலுகையே கிடையாது. ஒரே ஒரு சுருட்டு என்றாலும் சொல்லி வரி கட்ட வேண்டும். இங்கேயே வாங்கினால், முறையாக இறக்குமதியான பெட்டியின் பரப்பில் 85 சதவீதம் படத்தோடு எச்சரிக்கை இருக்கும். அது இல்லாமல் பளபளவென்று இருக்கும் பெட்டி எந்த வழியாக வந்தது என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது நம் வெயில். சுருட்டுக்கு 65 முதல் 70 சதவீத ஈரப்பதமும் 18 முதல் 21 டிகிரி வெப்பமும் வேண்டும். 25 டிகிரியைத் தாண்டினால் இலைக்குள் இருக்கும் வண்டு முட்டை பொரிந்து, ஒரு நாள் காலையில் ஊசி குத்தியது போல் ஓட்டைகளோடு பெட்டி கிடக்கும். அடைமழைக் காலத்தில் பூஞ்சை. ஃபிரிட்ஜில் திறந்து வைத்தால் காய்ந்து, ரசம் வாசமும் பிடிக்கும். தேக்குப் பெட்டி எல்லாம் வேண்டாம்: காற்றுப் புகாத டப்பா, 65 சதவீதம் என்று போட்ட ஈரப்பத உறை ஒன்று, வீட்டிலேயே குளிர்ந்த அலமாரி. பத்துச் சுருட்டுக்கு இது போதும். கியூபாவை இரண்டு வருடம் தூங்க வைப்பது என்றால் இந்தக் காவல் இரண்டு வருடத்துக்கும் வேண்டும். மின்வெட்டு உள்ள ஊரில் அதையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

பிறகு கட்டர், பியூட்டேன் லைட்டர். பெட்ரோல் லைட்டர் வேண்டாம், வாசம் ஏறும். பிசகிய சுருட்டுகளும் செலவுதான்: பத்தில் இரண்டு அடைத்துக்கொண்டால் மீதி எட்டின் விலை கால் பங்கு ஏறிவிட்டது என்று அர்த்தம்.

## ருசி பார்க்கும் மாலை

1992-இல் ஆரம்பித்த சிகார் அஃபிசியனாடோ பத்திரிகை நூறு மார்க்கை இப்படிப் பிரிக்கிறது: தோற்றமும் கட்டுமானமும் 15, சுவை 25, புகையும் குணம் 25, மொத்த அபிப்பிராயம் 35. பட்டியைக் கழற்றி எண் போட்ட வெள்ளைப் பட்டி மாட்டித்தான் சுவைஞர்களுக்குக் கொடுப்பார்கள். மார்க்கை நான் எடுத்துக்கொள்வதில்லை, பட்டி கழற்றுவதை எடுத்துக்கொண்டேன். வீட்டில் யாரையாவது விட்டுப் பட்டியை நீக்கி 1, 2 என்று காகிதம் ஒட்டச் சொல்லுங்கள். கோஹிபா என்று தெரிந்துவிட்டால் நாக்கு பொய் சொல்ல ஆரம்பித்துவிடும்.

ஒப்பிடும் சுருட்டுகள் ஒரே பருமனில் இருக்கட்டும். பருமனை அங்குலத்தில் 64-இல் ஒரு பங்காக எண்ணுவார்கள். 50 என்றால் ஏறக்குறைய 20 மில்லிமீட்டர் விட்டம். ஐந்து அங்குல நீளம், 50 பருமன் என்பது ரொபஸ்டோ. முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் எரியும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து உட்காருங்கள். அன்றைக்கு ஊறுகாய் வேண்டாம். பக்கத்தில் தண்ணீர் மட்டும். பொது இடத்தில் புகைப்பது 2008 அக்டோபர் 2-லிருந்து தடை. வீட்டில் குழந்தைகள் இருந்தால் மொட்டை மாடி.

விரலால் மெல்ல அழுத்திக்கொண்டே போங்கள். எங்காவது கட்டியாக இருந்தால் அங்கே இழுப்பு அடைக்கும். எங்காவது பஞ்சாக இருந்தால் அங்கே சூடு ஏறும். தலைத் தொப்பியை மட்டும் வெட்டுங்கள். தொப்பி வளைந்து இறங்கும் தோளுக்குக் கீழே வெட்டினால் மேலிலை பிரிந்துவிடும். பற்ற வைக்காமல் ஒருமுறை இழுத்துப் பாருங்கள், பாதி ரகசியம் அதிலேயே தெரியும். நெருப்பு இலையைத் தொடாமல் அடியைச் சுற்றி வாட்டி, பிறகு இழுங்கள். நிமிடத்துக்கு ஒரு இழுப்புக்கு மேல் வேண்டாம். புகையை வாயில் வைத்துச் சுழற்றி விடுங்கள், நெஞ்சுக்குள் வேண்டாம்.

குறிப்பு எழுதும்போது வெளிநாட்டுக்காரர் எழுதிய அத்திப்பழத்தையும் தோல் பையையும் தேடாதீர்கள். தெரியாத பொருளின் வாசனையை யாராலும் அடையாளம் காண முடியாது. வறுத்த நிலக்கடலைத் தோல், கடுக்காய்த் துவர்ப்பு, ஜாதிக்காய், முதல் மழை விழுந்த மண், அரிசிக் குதிர், சுட்ட பனங்கிழங்கு: இவை நம் மூக்கில் ஏற்கெனவே இருக்கின்றன. என் குறிப்பேட்டில் ஒரு நிகரகுவாச் சுருட்டுக்கு எதிரே "பாட்டி வீட்டுப் புகைபோக்கி" என்று மட்டும் எழுதியிருக்கிறது. இன்றைக்கும் அந்தச் சுவை துல்லியமாக நினைவுக்கு வருகிறது.

சாம்பல் வெள்ளையாக இருந்தால் உயர்ந்த சுருட்டு என்பார்கள். நிறத்தை முடிவு செய்வது மண்ணில் உள்ள தாதுக்கள். உதிராமல் ஒரு அங்குலம் நிற்கிறதா என்று பாருங்கள். உள்ளே முழு இலை இருப்பதற்கு அது சாட்சி.

கடைசிப் பங்கில் கசப்பு ஏறினால் வைத்துவிடுங்கள். அணைக்க நசுக்க வேண்டாம், தட்டில் விட்டால் தானே அணையும்.

## யாருக்கு எது

முதல்முறை உட்காருபவர், காபியில் டிகாஷன் குறைத்துக் கேட்பவர், விருந்தில் நாலு பேருக்குக் கொடுக்க வாங்குபவர்: டொமினிக்கன். யார் பிடித்தாலும் சங்கடம் வராது.

சிகரெட்டோ செரூட்டோ பிடித்துக் காட்டத்துக்குப் பழகியவர், உறைப்பு பிடித்தவர், கொடுத்த காசுக்கு நிறையச் சுவை வேண்டும் என்பவர்: நிகரகுவா, வயிறு நிறையச் சாப்பிட்டபின்.

கியூபா மூன்று பேருக்கு. பதினைந்து இருபது சுருட்டுகளைக் குறிப்போடு பிடித்து முடித்தவருக்கு. வாங்கி வைத்துக் காத்திருக்க இடமும் பொறுமையும் உள்ளவருக்கு. பெயரைத்தான் பரிசாகக் கொடுக்கிறோம் என்று தெரிந்தே வாங்குபவருக்கு. ஓய்வு பெறும் மேலதிகாரிக்குக் கொடுக்க வேண்டுமென்றால் கியூபாவையே வாங்குங்கள், அங்கே சுவையை யாரும் அளக்கப் போவதில்லை. ருசிக்காக என்றால் கோஹிபாவை விட்டுவிட்டு மான்டெக்ரிஸ்டோ 4 அல்லது பார்தகாஸ் சீரி டி 4, தேதி பார்த்து.

ஆக, சித்தப்பாவுக்கு அனுப்ப வேண்டிய செய்தி இது: ஷாட்டோ ஃபுவென்டே ஐந்து, பத்ரோன் 2000 ஐந்து. பணம் மிஞ்சினால், அங்கீகாரம் பெற்ற கடையில் மட்டும், பார்தகாஸ் மூன்று. வாங்கும் முன் பெட்டியின் அடிப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ரசீதைத் தூக்கிப் போட வேண்டாம். காரின் டாஷ்போர்டில் வைக்கவே வேண்டாம்.